கண்ணாடித் தோட்டத்தில் பெண் பார்த்த நாள்

அது எனக்கு வந்த ஏழாவது ஜாதகம். முதல் மூன்று பேர் துடியலூரில் எங்கள் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒத்துவராமல் போனால் அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று அம்மா அதற்குப் பிறகு பொது இடங்களுக்கு மாறினாள். ஒருமுறை கோயில் மண்டபம். ஒருமுறை ஒரு ஹோட்டலின் ஏ.சி. அறை. இன்னொருமுறை மாலில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற மாடி. அங்கே பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள் கொண்டாடிக் கைதட்டிக்கொண்டிருந்ததால் மாப்பிள்ளை கேட்ட எதுவும் என் காதில் விழவில்லை. இந்த முறை மாப்பிள்ளை வீட்டார்தான் இடம் சொன்னார்கள். நகரத்துப் பூங்கா ஒன்றில் கண்ணாடிக் கூரை போட்டு, உள்ளே மழைக்காட்டுச் செடிகளும் வெளிநாட்டுப் பறவைகளும் வைத்திருக்கிறார்களாம். பிள்ளைகள் நடந்துகொண்டே பேசட்டும் என்றார்களாம். பெரியம்மாவுக்கு அந்த யோசனை ரொம்பவும் பிடித்துப்போனது. பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. எனக்கு வந்த வரன்கள் எல்லாம் அவள் கை வழியாக வந்தவைதான்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. யாரையும் காதலிக்கவில்லை. யாரும் என்னை ஏமாற்றவும் இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்பதற்குச் சரியான பதில் இல்லாவிட்டால் அந்த வேண்டாம் கணக்கில் சேராது. அதனால் ஆறு பேருக்கும் ஆறு காரணம் கண்டுபிடித்துச் சொன்னேன். ஒருவர் வேலையை விடச் சொன்னார். ஒருவர் பேசும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவருடைய அக்கா என் சம்பளத்தை மூன்று முறை கேட்டார். ஏழாவது முறை வந்தபோது என் கையில் காரணம் தீர்ந்துபோயிருந்தது.

அதோடு தம்பியின் விஷயமும் சேர்ந்துகொண்டது. அவனுக்கு இருபத்தெட்டு. அவனுக்குப் பிடித்திருந்த பெண்ணின் வீட்டில், மூத்தவளை அனுப்பிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். இதை யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. தம்பி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் போய்விடுவான். அப்பா எதுவும் சொல்லமாட்டார். அவர் பேப்பரை மடித்து வைக்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குப் போனோம். வெயில் காலம் தொடங்கியிருந்தது. காரை விட்டு இறங்கும்போது அம்மா என் போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். போன முறை நான் பாதிப் பேச்சில் போனை எடுத்துப் பார்த்தது தப்பாகிவிட்டதாம். பட்டும் வேண்டாம் பருத்தியும் வேண்டாம் என்று பெரியம்மா ஒரு சில்க் காட்டன் புடவையை எடுத்துக் கொடுத்திருந்தாள். கண்ணாடிக் கூரைக்கு அடியில் நுழைந்த இரண்டாவது நிமிடமே அது உடம்போடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே குளியலறையில் வெந்நீர் திறந்துவிட்டதுபோல் இருந்தது. மேலே ஓடிய குழாய்களிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை புகைபோல் நீர் தெறித்தது. தலைக்கு மேல் விரிந்த பெரிய இலைகள், மரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஆர்க்கிட் செடிகள், வாழைப்பூவைத் தலைகீழாகத் தொங்கவிட்டதுபோல் சிவப்பான ஏதோ ஒரு பூ, சிமெண்டில் பாறை மாதிரி செய்து தண்ணீர் விழவைத்த ஓர் அருவி. மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாசனை. பாதை ஒரே ஆள் நடக்கிற அகலம்தான் என்பதால் இரண்டு குடும்பமும் வரிசையில் நடந்தோம். முன்னால் மாப்பிள்ளையின் அப்பா. அவர்களுக்குத் தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு பட்டறை இருந்தது, வீடு ஆர்.எஸ்.புரத்தில். மாப்பிள்ளை அப்பாவோடு சேர்ந்து பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்துநான்கு வயது, முழுக்கைச் சட்டை, ஒல்லியான உடம்பு. அடிக்கடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் அப்பா அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இதற்கே இப்படியா, உலைப் பக்கம் வந்து நின்றால் தெரியும் வேர்வை என்றால் என்னவென்று, எனச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் மரியாதைக்குச் சிரித்தோம். மாப்பிள்ளை கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கே இருந்தவரை வெளியே எடுக்கவில்லை. அவர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் இலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, புடவை நல்லா இருக்குது கண்ணு என்றார்.

பத்து நிமிடத்தில் பெரியவர்களுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. பூங்காவின் அந்தக் கோடியில் மரத்தடியில் ஒரு ஜூஸ் கடை இருந்தது. அங்கே உட்கார்ந்திருக்கிறோம், நீங்கள் மெதுவாகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில், இதுவும் போனால் பார், என்று எழுதியிருந்தது.

பறவைகள் இருந்த பகுதி தோட்டத்துக்கு அடுத்து, தனியாக வலை போட்டுப் பிரித்தது. வாசலில் பச்சை மேல்கோட்டு போட்ட ஐம்பது வயது அம்மா ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பறவைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரு மணிக்குச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன், பார்த்துவிட்டு அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விடுங்கள் என்றார்.

நானும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டே நடந்தோம். அவர் கேட்டதெல்லாம் எனக்கு ஏற்கெனவே ஆறு முறை கேட்டுப் பழகியவை. ஆபீஸ் எத்தனை மணிக்கு, சமைக்கத் தெரியுமா, தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வெளியூர் போகப் பிடிக்குமா. நானும் பழகிய பதில்களைச் சொன்னேன். மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு சின்னக் கிளி வந்து அவர் தோளில் உட்கார்ந்து காலர் பட்டனைக் கொத்த ஆரம்பித்தது. விரட்டாமல் அப்படியே அசையாமல் நின்றார். அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பு உண்மையானது. நல்ல மனிதர் என்று நினைத்தேன். நல்ல மனிதரை எப்படி வேண்டாம் என்று சொல்வது என்ற கவலையும் உடனே வந்தது. கூண்டுப் பறவைகளைப் பார்த்து என் நிலைமை ஞாபகம் வந்தது என்று எழுதினால் அது பொய். அவை தின்று, கத்தி, ஒன்றின் மூக்கை ஒன்று சொறிந்துகொண்டு சௌகரியமாகவே இருந்தன. என் மனசு முழுக்க, வெளியே போய் என்ன காரணம் சொல்வது என்பதில் இருந்தது.

பறவைகள் தப்பிப் போகாமல் இருக்க வெளியேறும் வழியில் இரண்டு கதவுகள். நடுவே ஒரு சின்ன அறை. முதல் கதவைத் திறந்து அந்த அறைக்குள் வந்தால் அது ஸ்பிரிங் இழுத்துத் தானாகச் சாத்திக்கொள்ளும், பறவைகள் இருக்கிற பக்கத்திலிருந்து மட்டும்தான் அதைத் திறக்க முடியும். பிறகு இரண்டாவது கதவைத் திறந்து வெளியே போக வேண்டும். நாங்கள் உள்ளே வந்தோம். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அவர் இரண்டாவது கதவின் கைப்பிடியை அழுத்தினார். அது கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. விரலை விட்டுத் திருகிப் பார்த்தோம், ஒன்றும் அசையவில்லை. ஒருவர் கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற அறை. மேலேயும் பக்கத்திலும் பால் நிறத்தில் பிளாஸ்டிக் தகடு, வெயில் நேராக அதன் மேல் அடித்தது. உள்பக்கக் கதவில் மட்டும் வலை.

முதலில் இரண்டு பேரும் சிரித்தோம். ஹலோ, யாராவது இருக்கிறீர்களா என்று மாறி மாறிக் கூப்பிட்டோம். நாங்கள் கத்தக் கத்தக் கிளிகளும் கத்தின. தூரத்தில் வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா நாங்கள் போய்விட்டதாக நினைத்துச் சாப்பிடப் போயிருக்க வேண்டும். நான் திரும்பி, போன் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, கூப்பிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கீழே உட்கார்ந்திருந்தார்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. விரல்கள் மடங்கி விறைத்துப்போயிருந்தன. சட்டை முழுக்க நனைந்துவிட்டது. மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். அவர் சட்டைப் பையில் இருந்த போனை எடுக்கக் குனிந்தேன். அவர் அந்த மடங்கிய விரல்களாலேயே பையை மூடிக்கொண்டார்.

"வேண்டாங்க. அப்பா பார்க்கக் கூடாதுங்க. இது சரியாயிருங்க. கொஞ்ச நேரம் மட்டும் இருங்க."

மூச்சு வாங்குகிற இடைவெளியில் துண்டு துண்டாகச் சொன்னார். காலேஜில் படிக்கும்போது லிஃப்டில் மாட்டிக்கொண்டதிலிருந்து இப்படி. சாகப்போகிறோம் என்று தோன்றுமாம், ஆனால் சாகமாட்டாராம், அரை மணியில் போய்விடுமாம். இத்தனை வருடமாக வீட்டில் யாருக்கும் தெரியாது. உடற்பயிற்சி என்று சொல்லி எந்தக் கட்டடத்திலும் படியேறியே போவார். இந்தத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் அப்பா. கண்ணாடிக் கூரைதானே, வானம் தெரியும், சமாளித்துவிடலாம் என்று நினைத்து வந்திருக்கிறார்.

நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். முந்தானையால் விசிறினேன். என்ன செய்வது என்று தெரியவில்லை, ஏதாவது பேசவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. மோட்டாருக்குக் கம்பியைக் காயிலாக எப்படிச் சுற்றுவார்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். முதலில் காப்புத் தாளை வெட்டி இடுக்குகளில் செருக வேண்டும். பிறகு தாமிரக் கம்பியை அச்சில் சுற்றி எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்துவார், கண்ணை மூடுவார், அப்புறம் என்றால் மறுபடி தொடர்வார். கம்பியைக் கட்டி வார்னிஷில் முக்கி அடுப்பில் காயவைக்கிற இடத்துக்கு வந்தபோது அவர் விரல்கள் நேராகியிருந்தன.

அப்போது அவர் போன் அடித்தது. அவர் அப்பா. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"பேசிட்டிருக்கோங்கப்பா. இன்னும் கொஞ்ச நேரமாகும்."

குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. நான் அந்த நொடியில் சத்தம் போட்டிருக்கலாம். கதவு திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆள் வந்திருப்பார்கள். அவருடைய நனைந்த சட்டையையும் முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் தாகமாக இருந்தது, பாத்ரூம் போக வேண்டியிருந்தது, புடவைக்குள் வேர்வை ஓடியது. அவருக்கு அந்தப் பயம் குறையக் குறைய எனக்குள் அந்த அறை சின்னதாகிக்கொண்டே போனது. வலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வெள்ளைக் கிளி தலையைச் சாய்த்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. அந்த நிலையில் யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டேகாலுக்கு அந்தப் பச்சைக் கோட்டு அம்மா வந்தார். வலை வழியாக எங்களைப் பார்த்ததும் அவருக்கே முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க அம்மணி, இத்தன நேரம் இதுக்குள்ளயா இருந்தீங்க? கைப்புடி ஆடுதுன்னு ஒரு வாரமா சொல்லிட்டேதாங்க இருக்கறேன்."

உள்பக்கக் கதவைத் திறந்து எங்களை வாசல் வழியாக வெளியே விட்டார். மாப்பிள்ளை குழாயில் முகம் கழுவித் தலையைச் சீவிக்கொண்டார். தோட்டத்தின் நீர்த்தெளிப்பில் நனைந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

மரத்தடியில் இருந்த எல்லோருடைய முகத்தையும் நான் இன்னும் மறக்கவில்லை. பெரியம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. ஒண்ணரை மணி நேரம், பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்று அவள் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னாள். அவருடைய அப்பா என் அப்பாவின் தோளில் கை போட்டிருந்தார். அவருடைய அம்மா கைப்பையிலிருந்து இலையில் மடித்த மல்லிகையை எடுத்து என் தலையில் வைத்துவிட்டார். வெளியே வந்து, காற்று பட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் என்ன நடந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலமே அவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கும் முழுச் சம்மதம் என்றார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் என்னைப்போல் தப்பிக்க நினைத்திருப்பார் என்று எண்ணியிருந்தேன். மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் அவரைப் போனில் கூப்பிட்டேன். எனக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை, உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன்.

"நீங்க என்னைய அப்படிப் பார்த்துட்டீங்க," என்றார். "பார்த்தும் முகம் சுளிக்கலைங்க. இன்னொருத்தர்கிட்டப் போய் முதல்ல இருந்து இதையெல்லாம் காட்ட என்னால முடியாதுங்க. நான் எப்படிங்க வேண்டாம்னு சொல்லுவேன்?"

அவர் சொன்னது பொய்யும் இல்லை, பிடிவாதமும் இல்லை. அதனால்தான் அது என்னை இன்னும் இறுக்கியது. போனை வைத்துவிட்டு ஈரத்துணி வாளியோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் வேண்டாம் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஒண்ணரை மணி நேரம் பேசிவிட்டு வந்து வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டாள். நிச்சயத்துக்கு நாள் பார்த்தார்கள். தம்பி திடீரென்று என்னோடு பேச ஆரம்பித்தான், ஆபீஸுக்குப் பைக்கில் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டான். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நான் திரும்பத் திரும்ப வேண்டாம் என்று சொன்னதில் பெரியம்மாவுக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் மதியம் என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே அவர் தப்பாக ஏதாவது நடந்துகொண்டாரா, கையைக் கிய்யைப் பிடித்தாரா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பறம் என்னதான் கண்ணு நடந்துச்சு? ஒண்ணும் நடக்காமயா ஒருத்தி இப்படி வேண்டாங்கறா? சொல்லிப்போடு. இல்லைன்னா வர்ற வெள்ளிக்கிழமை தட்டு மாத்திருவோம்."

நான் சொல்லிவிட்டேன். அவர் கெட்டவர் என்ற பேர் வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. ஒரு காரணம் என் கையில் இருந்தது, அதைச் சொன்னால் வெள்ளிக்கிழமை நடக்காது என்று எனக்குத் தெரியும். மூச்சு முட்டியதை, கை மடங்கியதை, லிஃப்டில் போகமாட்டார் என்பதை எல்லாம் சொன்னேன். இது ஒரு வியாதியே இல்லை, பயம் மட்டும்தான் என்றும் சொன்னேன். கடைசியில் சொன்னது பெரியம்மாவின் காதில் ஏறவில்லை. அவள் அறையை விட்டு வெளியே போகும்போதே போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

இரண்டு நாளில் பேச்சு முறிந்தது. முறிந்த விதம்தான் நான் நினைக்காதது. பெரியம்மா தரகரிடம் கை மடங்கிப்போகுமாம் என்று சொல்ல, தரகர் அதை வலிப்பு என்று புரிந்துகொள்ள, வலிப்பு இருக்கிற பையனை மறைத்துக் கல்யாணம் செய்யப் பார்த்தார்கள் என்று அவர்களுடைய சொந்தக்காரர்கள் வரைக்கும் போய்விட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும், நல்லவேளை தப்பித்தோம் என்றார்கள். அம்மா அன்றைக்கு எனக்குப் பிடிக்கும் என்று பருப்புப் போளி செய்தாள். என்னால் ஒரு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா போனில் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வேண்டாம்னு நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேன் கண்ணு. என்ற பையனுக்கு இப்படி ஒரு கஷ்டம் இருக்குதுன்னு ஊரே சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கோணுமா?"

அவரிடம் பேசலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் தோளைத் துடைத்துவிட்டவர். ஏழு வரனிலும் மாப்பிள்ளையின் அம்மாவை நான் ஒரு ஆளாகவே நினைத்ததில்லை, எதிர்ப்பக்கம் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

பெரியம்மாவிடம் அது வலிப்பு இல்லை என்று சொல்லித் தரகரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். முடிந்துபோனதை எதற்குக் கிளறுகிறாய் என்றாள். நானே தரகரைக் கூப்பிட்டேன். அவர், விடுங்க அம்மணி, உங்களுக்கு வேறு நல்ல இடம் பார்க்கலாம் என்றார்.

ஒரு மாதம் கழித்து, ஆபீஸில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆர்.எஸ்.புரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அம்மா கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார், பிறகு வழிவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், பக்கத்தில் உட்காரவில்லை. மகன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மெலிந்திருந்தார். நான் கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, தப்புச் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன், முடியவில்லை.

அவர் எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். வலிப்பு என்று பேச்சு வந்ததும் அவருடைய அப்பாவுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டதாம். இல்லை என்று நிரூபிக்க வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். குழாய் மாதிரி இருக்கிற மிஷினுக்குள் தலையை அசையாமல் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். முதல் தடவை இரண்டாவது நிமிடமே கத்தி வெளியே வந்துவிட்டாராம். அவருடைய அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எந்த மனிதர் பார்க்கக்கூடாது என்று என்னிடம் கெஞ்சினாரோ, அவர் முன்னாலேயே. அடுத்த வாரம் மறுபடி போய் எடுத்து முடித்திருக்கிறார். வலிப்பு இல்லை என்று காகிதம் வந்துவிட்டது. அதைப் பார்ப்பதற்குத்தான் யாரும் வரவில்லை.

"அப்பா என்ன சொன்னாருங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலைங்க. கார்ல வரும்போது கண்ணாடியெல்லாம் தொறந்துவிட்டாரு. ஏசி போடலை. ஊடு வர்ற வரைக்கும் அப்படியேதான் ஓட்டிட்டு வந்தாரு."

இப்போது ஒரு மனநல டாக்டரிடம் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். கொஞ்சம் பரவாயில்லை. அதற்காக நீங்கள் செய்தது நல்லதுக்குத்தான் என்று நான் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நான் தலையாட்டினேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. கிளம்பும்போது அவருடைய அம்மா வாசல் வரை வந்தார். போயிட்டு வாரேங்க என்றேன். சரி என்றார்.

ஐந்து மாதம் கழித்து எட்டாவது ஜாதகம் வந்தது. இந்த முறை யாரும் இடம் முடிவு செய்வதற்கு முன்னால் அந்தப் பையனுடைய அம்மாவின் நம்பரை ஜாதகத்துப் பின்பக்கத்திலிருந்து எடுத்து நானே கூப்பிட்டேன். எனக்குக் கல்யாணம் வேண்டாங்க, உங்கள் பையன் மேல் எந்தக் குறையும் இல்லை, எங்கள் வீட்டில் நான் சொல்வது எடுபடவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன் என்றேன். அந்த அம்மாள் முதலில் பதறினார். பிறகு, சரி சாமி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். பேசி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. விஷயம் தெரிந்ததும் அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பெரியம்மா இன்றுவரை பேசுவதில்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டு தம்பிக்குப் பிடித்திருந்த பெண்ணின் வீட்டுக்குத் தனியாகப் போனார். என் மகளுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை, அவள் எங்களோடுதான் இருப்பாள், அதற்குச் சம்மதம் என்றால் மேலே பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் காபி கொடுத்து, உள்ளே போய்க் கலந்து பேசிவிட்டு, சரி என்றார்களாம். திரும்பி வந்து இதைச் சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போய்விட்டார். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் எல்லோரும் சுவர் என்று நினைத்து முட்டிக்கொண்டிருந்தது அவ்வளவுதான். முன்னாலேயே ஏன் போகவில்லை என்று அவரிடம் கேட்க நினைத்தேன். நானும்தான் அதுவரை அவரிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை.

தம்பிக்குக் கல்யாணமாகிவிட்டது. நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். தம்பி மனைவி என்னை அண்ணி என்று கூப்பிடுகிறாள், நன்றாகவே நடந்துகொள்கிறாள். ஆனாலும் சொந்தக்காரர்கள் வந்தால் அவர்கள் கண் என் அறைக் கதவுக்கு ஒருமுறை போய்விட்டுத்தான் வரும். சமையலறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போனால் பேச்சு மாறும். சரவணம்பட்டியில் தனியாக வீடு எடுக்கலாம் என்று இரண்டு முறை போய்ப் பார்த்தேன். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தரமாட்டோம் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் சொல்லவில்லை, சாவி கொண்டுவந்து தருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை.

கண்ணாடித் தோட்டத்தில் பார்த்த அவருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, தரகரின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. ஆகவில்லை என்று பதில் வந்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியாததால், கேட்காமலே இருக்கிறேன்.